பின்னறை நீங்கலாக

மண் வனையும் சக்கரத்தை வீட்டுக்கு வெளியே வைக்கலாமா என்று நஸ்ஹாவிடம் கேட்டால் அரை நாள் பேசுவாள். சூளை வெளியே இருக்கலாம், இருக்கவும் வேண்டும். மேலே தகரம், கீழே சிமெந்துக் கல், நாலு பக்கமும் காற்று ஓட இடம். வெள்ளைச் சூளைக்கல் பஞ்சு மாதிரி ஈரம் குடிக்கும், ஆகையால் சாமான் சுடுவதற்கு முதல் சின்னத் தீயில் சூளையைக் காய வைத்துவிட்டால் போதும். சக்கரத்தின் கதை வேறு. அது மோட்டரும் பெயரிங்கும் வயரும் உள்ள சாமான். காத்தான்குடியில், ஆத்தங்கரையின் உப்புக் காற்றில், மாரி மழை நேரத்தில் அதை வெளியே வைப்பவனுக்கு ஒன்றில் மூளை இல்லை, இல்லாவிட்டால் மனச்சாட்சி இல்லை என்பாள். அவளுடைய காக்காவுக்கு, அதாவது அண்ணன் ஜிப்ரிக்கு, எது இல்லை என்பதை நீங்களே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

சங்கதி இதுதான். ஊர் வழமைப்படி பெண்ணுக்கு வீடு கொடுத்தால்தான் கலியாணம். மாப்பிள்ளை வந்து பெண்ணின் வீட்டில் குடியிருப்பார். நஸ்ஹாவுக்கு இருபத்தைந்து வயதில் கலியாணம் பேசினார்கள். வாப்பா சவூதியில் உழைத்த உழைப்பெல்லாம் கல்லும் சீமெந்துமாகி ஒரு வீடு எழும்பியது. வீட்டுப் பத்திரமான உறுதியும் அவள் பேரில் முடிந்தது. மாப்பிள்ளை வீட்டார் கடைசி நேரத்தில் வேறு இடம் பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள். அதற்குப் பிறகு வந்த பேச்செல்லாம் வாசலோடு திரும்பிப் போயின. வீடு மட்டும் அவள் பேரில் நின்றது.

அவள் மூலையில் குந்தி அழுதுகொண்டிருக்கவில்லை. கொழும்புக்குப் போய் மட்பாண்ட வேலை படித்தாள். திரும்பி வரும்போது லொறியில் ஒரு மின்சாரச் சக்கரத்தையும் ஏற்றிக்கொண்டு வந்தாள். வீட்டின் பின்னறையில் அதை வைத்து, வயல் வட்டைப் பக்கத்திலிருந்து களிமண் எடுப்பித்து, கோப்பையும் தட்டும் கிண்ணமும் செய்தாள். பின்வளவில் சூளையையும் கட்டினாள். கல்குடாப் பக்கத்து விடுதிகளில் வெள்ளைக்காரர் கோப்பி குடிப்பது இன்றைக்கும் அவள் கையால் வந்த கோப்பையில்தான். ஊரில் சிலர் "கலியாணம் முடிக்காத கொமர் ஒண்டு சட்டி செய்யிது" என்று வாயைக் கோணினார்கள். கோணிய வாய் கோணியபடியே இருக்கட்டும் என்று அவள் வேலையைப் பார்த்தாள்.

இப்போது வயது முப்பத்தேழு. தங்கை ஷஸ்னாவுக்கு மாப்பிள்ளை சரிவந்தது. ஓட்டமாவடியில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் இஷாம். கொடுப்பதற்கு இன்னொரு வீடு கட்ட வாப்பாவிடம் உடம்பும் இல்லை, வழியும் இல்லை. அவர் வாய் திறப்பதற்கு முன்னரே நஸ்ஹா சொன்னாள்.

"என்ட ஊட்டை அவளுக்கு எழுதுங்க வாப்பா. எனக்கு ஒரு மனவருத்தமும் இல்ல. பின்னறைய மட்டும் எனக்கு விடுங்க. என்ட சக்கரம் அதுக்கதான் இரிக்கோணும்."

வாப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "அல்லா ஒனக்கு பறக்கத் செய்வான் மகள். அந்த அறை ஒன்டதான். ஆரும் கேக்கமாட்டாங்க."

ஆரும் கேட்கவில்லைதான். கேட்காமலே எடுத்துக்கொண்டார்கள்.

கொழும்பில் ஒரு கண்காட்சிக்கென்று அவள் ஒரு கிழமை போயிருந்தாள். ரயிலால் இறங்கி, ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்த காலையில் மழை பிய்த்துக்கொண்டு கொட்டியது. நனைந்த பையோடு பின்னறைக் கதவைத் திறந்தாள். உள்ளே ஒரு சோபா செற்றி இருந்தது. மூன்று பேர் இருக்கிறதொன்று, இரண்டு பேர் இருக்கிறதொன்று, தனித்தனி இரண்டு. எல்லாம் பொலித்தீன் சுற்றியபடி சப்பாணி கட்டி உட்கார்ந்திருந்தன. பக்கத்தில் மூன்று கதவு அலுமாரி, உடுப்புத் தோய்க்கிற மெசின். அவளுடைய சக்கரம் இல்லை.

"உம்மா, என்ட சக்கரம் எங்க?"

உம்மா நபீஸா குசினியை விட்டு வெளியே வரவில்லை. "வந்ததும் வராததுமா என்ன புள்ள? தேத்தண்ணியக் குடி முதல்ல."

"சக்கரம் எங்க உம்மா?"

"பின்னுக்கு மாமரத்துக்குக் கீழ இரிக்கி. காக்காதான் ஆள் புடிச்சு எடுத்து வெச்சான். மாப்பிள்ள ஊட்டார் வந்து பார்க்கக்குள்ள ஊட்டுக்க களியும் சேறுமாக் கிடந்தா என்ன நினைப்பாங்க? செற்றியையும் வெக்கோணுமே. மாப்பிள்ளைக்குக் குடுக்கிற சாமானை வெளியயா போடுற?"

நஸ்ஹா குடையும் எடுக்காமல் ஓடினாள். மாமரத்துக்குக் கீழே, வெறும் மணலில் சக்கரம் கிடந்தது. செற்றியில் மிஞ்சிய பொலித்தீனால் தலை முதல் கால் வரை, செத்த மையத்துக்குக் கபன் துணி சுற்றிய மாதிரி இறுக்கிச் சுற்றி, மேலும் கீழும் ஒட்டுநாடா ஒட்டியிருந்தார்கள். கத்தியால் கிழித்தாள். உள்ளிருந்து ஊத்தைத் தண்ணீர் காலில் கொட்டியது. ஒரு கிழமை வெயிலும் மழையுமாக மாறி மாறி உள்ளே வேர்த்து, அந்த வேர்வைக்கு வெளியே போக வழி இல்லாமல், தட்டின் அடியெல்லாம் சிவந்த துரு. மோட்டர்ப் பெட்டியைத் திறந்தால் அதற்குள்ளும் தண்ணீர். தட்டைக் கையால் சுற்றிப் பார்த்தாள். கறகறவென்று அரைத்துக்கொண்டு அரைச் சுற்றோடு நின்றது.

அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வரவில்லை. பற்றி எரிந்தது.

ஜிப்ரி அன்று பின்னேரம் வந்தான். ஜிப்ரி இருப்பது இங்கே இல்லை. அடுத்த தெருவில், பெண்சாதி றம்லாவின் வீட்டில், றம்லாவின் செற்றியில் கால் நீட்டிக்கொண்டு இருப்பவன். அங்கே ஒரு கதிரையை இடம் மாற்றுவதென்றாலும் றம்லாவின் முகத்தைப் பார்க்க வேண்டும். ஆகையால் அதிகாரம் செய்ய ஆசை வந்தால் உம்மா வீட்டுக்கு வருவான்.

"பக்குவமாத்தானே சுத்தி வெச்சன்," என்றான். "ஒரு சொட்டுத் தண்ணி உள்ளுக்குப் போகாது."

"உள்ளுக்குப் போகாது காக்கா. உள்ளுக்க இரிந்த ஈரம் வெளிய வராது. வெளிய வெக்கிறதெண்டா கீழ கல் வெச்சு உயர்த்தோணும். மேல தறப்பாளக் கூரை மாதிரிக் கட்டோணும், போர்வை மாதிரிச் சுத்தக் கூடாது. காத்துப் போய் வரோணும். ஒரு போன் கோல் எடுத்துக் கேட்டிருந்தா சொல்லியிருப்பனே."

"சட்டி செய்யிற சாமானுக்கு இவ்வளவு ராசமரியாதையா?"

"அப்ப செற்றிக்கு என்னத்துக்கு ராசமரியாதை? அதுல இருக்க இன்னும் ஒரு மனிசன் வரல்ல. அதுக்கு அறை. நான் ஒவ்வொரு நாளும் இருந்து வேலை செய்யிற சாமானுக்கு மாமரமா?"

"எனக்கும் கவலதான் நஸ்ஹா," என்று ஜிப்ரி முகத்தைத் தொங்கப் போட்டான். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதைதான். "ஆனா என்ன செய்யிற? மாப்பிள்ள ஊட்டார் என்ன சொல்லுவாங்க?"

அந்த ஒரு வசனத்தை அந்த வீட்டில் எத்தனை தரம் கேட்டுவிட்டாள்! சுவருக்கு நிறம் பூசியதும் மாப்பிள்ளை வீட்டாருக்கு. புது டைல்ஸ் பதித்ததும் மாப்பிள்ளை வீட்டாருக்கு. வாப்பாவும் உம்மாவும் தாங்கள் படுத்த அறையை ஒழித்துக் கொடுத்துவிட்டுக் குசினிப் பக்கத்துச் சாய்ப்புக்குப் போனதும் அவர்களுக்குத்தான். மாப்பிள்ளை வீட்டாரில் ஒருவரும் இதில் எதையும் வாய்விட்டுக் கேட்டதாக நஸ்ஹாவுக்கு ஞாபகம் இல்லை. ஆனால் அவர்களை நினைத்து நினைத்து அவளுக்கு வயிறு எரிந்தது. முகம் தெரியாத அந்த இஷாமை மனதுக்குள் அவள் திட்டாத திட்டு இல்லை. இன்னும் கால் வைக்கவில்லை, அதற்குள் என்னை வெளியே தள்ளிவிட்டான் பார் என்று கறுவினாள்.

சக்கரத்தைத் தூக்க நாலு பேர் வேண்டும். தூக்கி வைக்க அறையும் வேண்டும். இரண்டும் இல்லாததால் அவள் வெளியிலேயே தன்னால் ஆனதைச் செய்தாள். நெம்புகோல் போட்டுக் கிளப்பிக் கீழே கல் கொடுத்தாள். மாமரக் கிளையில் கயிறு கட்டித் தறப்பாளைக் கூரையாக இழுத்தாள். மோட்டரைக் கழற்றி வெயில் கண்ட நேரமெல்லாம் காய வைத்தாள். ஆனால் வெளியே கிடக்கும் சாமான் ஊருக்குப் பொது. கோழி ஏறி எச்சம் போட்டது. கலியாண வேலைக்கு வந்த பெண்களின் பிள்ளைகள் தட்டில் ஏறி இருந்து கையால் தள்ளிச் சுற்றி விளையாடினார்கள். "பிள்ளைகள்தானே, விடு," என்றாள் உம்மா. ஒருத்தி ஈர உடுப்பைக் கொண்டுவந்து அதன் மேல் போட்டுவிட்டுப் போனாள்.

இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடிப்பார்கள் என்பது சும்மாவா? மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்களைச் சாப்பாட்டுக்கு அழைத்த அன்று, பின்வளவில் கிடாரம் ஏற்றினார்கள். சமையலுக்கு வந்தவர்களுக்கு அடுப்புக்கல் போதவில்லை. சூளைக் கொட்டிலுக்குள் பார்த்தார்கள். சாமான் அடுக்கிச் சுடுகிற சூளைத் தட்டுகள், மொத்தமாக, சப்பையாக, அழகாக அடுக்கியிருந்தன. எடுத்து அடுப்புக்கு அண்டை கொடுத்துவிட்டார்கள். நெருப்பின் சூட்டோடு கஞ்சி பொங்கி மேலே வழிந்ததும் எல்லாம் படார் படாரென்று வெடித்தன. நஸ்ஹா ஓடி வந்தபோது துண்டுகளை ஒதுக்கிவிட்டு, "இந்தக் கல் சரியில்ல தங்கச்சி, லேசா உடைஞ்சு போட்டுது," என்றான் சமையல்காரன்.

அவனைத் திட்டி என்ன பயன்? அவனுக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் உள்ளே பிரியாணி பரிமாறிக்கொண்டிருந்தார்கள். நஸ்ஹா அன்றைக்கு ஒரு பிடி சோறும் தொடவில்லை. "ஒனக்கு என்ன வந்திரிக்கி? தங்கச்சிட நல்ல காரியத்தில மூஞ்ச உம்மெண்டு வெச்சிட்டு," என்று உம்மா ஏசினாள். வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது என்றால் அதுதான்.

வாப்பாவிடம் போனாள். "அறை என்டதெண்டு சொன்னீங்களே வாப்பா."

வாப்பா தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். "கலியாணம் முடியட்டும் மகள். பாப்பம்."

பாப்பம் என்றால் என்ன அர்த்தம் என்று அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். உறுதி ஷஸ்னாவின் பேருக்கு மாறிவிட்டால், பிறகு அந்த அறையைக் கேட்க அவள் யார்? வந்திருக்கிற விருந்தாளி. கொஞ்சம் கூட நாள் தங்கிவிட்ட விருந்தாளி.

உறுதி முடிக்கிற நாள் வந்தது. அசர் தொழுகைக்குப் பிறகு எல்லோரும் வீட்டு மண்டபத்தில் கூடினார்கள். மட்டக்களப்பிலிருந்து உறுதி எழுதும் நொத்தாரிசு அஜந்தா கடதாசிக் கட்டோடு வந்திருந்தாள். மாப்பிள்ளை தரப்பில் இஷாமின் மாமா மீராசாஹிப், அத்தர் வாசனையோடு. வெளியே சோனாவாரியாக மழை.

"நஸ்ஹா எங்க?" என்றார் வாப்பா.

நஸ்ஹா பின்வளவில், தறப்பாளுக்குக் கீழே, சக்கரத்தோடு வைக்கும் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஜிப்ரி வந்து கூப்பிட்டான். அசையவில்லை. வாப்பா வந்து கூப்பிட்டார்.

"நான் இங்கதான் வாப்பா கையெழுத்து வெப்பன். அவங்கள இங்க வரச் சொல்லுங்க."

"பைத்தியமா ஒனக்கு?" என்று ஜிப்ரி கத்தினான். "மழைக்க ஆக்கள வெளிய வரச் சொல்லுறியா?"

"ஓம். வெளிய இருந்தா என்ன? நானும் என்ட சாமானும் இங்கதானே இருக்கிறம். ஒங்களுக்கு மட்டும் உடம்பு கரையுமா?"

பேசிப் பார்த்தார்கள், கெஞ்சிப் பார்த்தார்கள். கடைசியில் குடையும் தலைக்கு மேல் பிடித்த பிளாஸ்டிக் கதிரையுமாக ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். மீராசாஹிப்பின் வெள்ளைச் சாரத்தில் சேறு தெறித்தது. ஷஸ்னா குசினி வாசலில் உம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அஜந்தா தறப்பாளுக்குள் குனிந்து கடதாசிக் கட்டை விரித்தாள். சாரல் ஒரு வீச்சு வீசியதில் முதல் பக்கம் நனைந்தது. அவள் பதறிப் போய் மூடினாள்.

"ஐயோ, இது நனைஞ்சா பழுதாப் போயிரும் நஸ்ஹா. திரும்ப முதல்ல இருந்து எழுத வேணும். உள்ளுக்குப் போவமே."

நஸ்ஹா எழும்பி நின்றாள். இத்தனை நாளும் அடக்கி வைத்தது எல்லாம் அப்போது வெளியே வந்தது.

"பார்த்தீங்களா வாப்பா? ஒரு கடதாசி நனையிதெண்டதும் எல்லாரும் பதறுறீங்க. அதைத் திரும்ப எழுதலாம். இந்தச் சக்கரம் மாரி துவங்கின நாள் தொட்டு நனையிது. ஒருத்தராவது பதறினீங்களா? என்ட சூளைத் தட்ட அடுப்புக்கு வெச்சு வெடிக்க வெச்சீங்க. ஊட்டைத் தாறன் எண்டு நானே சொன்னன். முழு ஊட்டையும் சந்தோசமாத் தந்தன். ஒரு அறை கேட்டன், ஒரே ஒரு அறை. அதுல செற்றியக் கொண்டு வந்து வெச்சிட்டீங்க!"

"அதுக்கு இப்ப என்ன செய்யச் சொல்லுற?" என்றார் வாப்பா. குரல் உடைந்திருந்தது.

நஸ்ஹா அஜந்தாவைப் பார்த்தாள். "மிஸ், பின்னறைய விட்டுட்டு மிச்ச ஊட்டை எழுத ஏலுமா?"

"ஏலும். பின்னறையும் அதுக்குப் போய் வாற வழியும் நீங்கலாக எண்டு எழுதலாம்."

மீராசாஹிப் தொண்டையைச் செருமினார். "அது எப்பிடி? முழு ஊடெண்டுதானே பேச்சு. நான் மருமகனுக்கு என்ன பதில் சொல்லுற?"

"கலியாணத்தைக் குழப்பப் போறாள் இவள்!" என்று ஜிப்ரி குதித்தான்.

நஸ்ஹா அவர்களை விட்டுவிட்டுக் குசினி வாசலைப் பார்த்தாள். "ஷஸ்னா, நீ சொல்லு. ஊடு ஒனக்கு. நீ சொன்னாப் போதும். அந்த அறை எனக்கு இல்லையா?"

தான் தூக்கி வளர்த்த தங்கை. ஒரு வார்த்தை அவளுக்காகப் பேசுவாள் என்று நஸ்ஹா நம்பினாள். ஷஸ்னா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு அழுகையோடு கத்தினாள்.

"ஒங்களுக்குக் கலியாணம் சரிவரல்ல எண்டதுக்காக எனக்கும் சரிவரக் கூடாதா ராத்தா?"

மழைச் சத்தத்துக்கு மேலால் அது எல்லோருக்கும் கேட்டது. உம்மா கூட, "சீ, வாய மூடு," என்றாள். ஆனால் சொன்ன சொல்லை யார் பொறுக்கி எடுப்பது?

நஸ்ஹா ஒரு அடி முன்னே வந்தாள். "சரிவரட்டும். ஒனக்குச் சரிவரோணுமெண்டுதான் ஊட்டையே தாறன். ஆனா ஒரு அறையால ஒன்ட கலியாணம் முறியுமெண்டா, நீ முடிக்கிறது மாப்பிள்ளைய இல்ல, செற்றிய." பிறகு மீராசாஹிப்பின் பக்கம் திரும்பினாள். "மருமகனுக்கு என்ன பதில் சொல்லுற எண்டு கேட்டீங்களே. பதில் சொல்ல முதல்ல கேள்விய அவரிட்டக் கேளுங்க. இப்பவே கோல் எடுங்க. எங்க எல்லாருக்கும் கேக்கிற மாதிரி."

மீராசாஹிப் சுற்றுமுற்றும் பார்த்தார். தப்ப வழி இல்லை. போனை எடுத்து அழுத்தினார். மறுபக்கத்தில் கடைச் சத்தம், இரும்பு விழுகிற சத்தம்.

"இஷாம், இங்க ஒரு சின்னப் பிரச்சின மகன். பின்னறை ஒண்டு இரிக்கி. பொண்ணுட ராத்தா சட்டி கிட்டி செய்யிற அறை. அதை எழுத ஏலாதாம். அவங்களுக்கு வேணுமாம்."

"அதுக்கென்ன மாமா?" என்றது போன். "வெச்சுக்கட்டும். அது அவங்கட தொழில் செய்யிற இடமெண்டு முதலே தெரியுந்தானே."

"அப்ப செற்றிய எங்க வெக்கிற? அலுமாரி வேற இரிக்கி."

"என்ன செற்றி? செற்றி ஒண்டும் தேவல்ல எண்டு நான் ஒங்களுக்கிட்டச் சொன்னனே மாமா. நீங்க அங்க சொல்லல்லையா? கடையில ஆள் நிக்கிது, வெக்கட்டா?"

மீராசாஹிப் போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு மழையைப் பார்த்தார். "நான் சொல்ல மறந்து போனன் போல," என்று முணுமுணுத்தார்.

நஸ்ஹாவுக்குச் சந்தோசம் வரும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவளுக்கு முன்னிருந்ததைவிட இரண்டு மடங்கு ஆத்திரம் வந்தது. இத்தனை நாளும் அந்நியன் ஒருவன் தன்னை வெளியே தள்ளுகிறான் என்று நினைத்துக் கறுவினாள். அந்த அந்நியனுக்கு ஒரு அறையும் தேவைப்படவில்லை, ஒரு செற்றியும் தேவைப்படவில்லை. அவளைத் தள்ளியது வாப்பா, உம்மா, காக்கா, தங்கச்சி. கேட்காத ஒருவனுக்குப் பயந்து, கேட்ட ஒருத்தியைத் தூக்கி மழையில் வைத்துவிட்டார்கள். திட்டுவதற்குக்கூட வேறு ஆள் இல்லாமல் போய்விட்டது.

அஜந்தா உறுதியைத் திருத்தி எழுதிக்கொண்டு மறுநாள் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனாள். மீராசாஹிப் தேத்தண்ணியும் குடிக்காமல் கிளம்பினார். அவருடைய ஆட்டோ மறைந்ததும் வீட்டில் எல்லோருக்கும் திடீரென்று கை கால் முளைத்தது. ஜிப்ரி தெருவில் போன மூன்று பேரைப் பிடித்து வந்தான். செற்றி மண்டபத்துக்குப் போனது. அலுமாரி கதவு திறக்க இடம் இல்லாமல் சுவரோடு ஒட்டி நின்றது. சக்கரம் சேறு வடிய வடியப் புது டைல்ஸுக்கு மேலால் பின்னறைக்குப் போனது. உம்மா சாக்கை எடுத்துக்கொண்டு பின்னாலேயே துடைத்துக்கொண்டு வந்தாள்.

மறுநாள் நஸ்ஹா மண்டபத்தில், எல்லோருக்கும் முன்னால் இருந்து உறுதியை ஒரு வரி விடாமல் வாசித்தாள். பின்னறை நீங்கலாக என்ற இடத்தில் விரலை வைத்து இரண்டாம் தரமும் வாசித்தாள். பிறகு கையெழுத்து வைத்தாள். வாப்பா "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். உம்மா இனிப்புக்கு வட்டிலப்பம் கொண்டு வந்தாள். ஷஸ்னா, "ராத்தா, நான் ஏதோ வாய் தவறிச் சொல்லிட்டன்," என்று பக்கத்தில் வந்தாள். நஸ்ஹா அவள் தலையில் கை வைத்தாள். பிறகு எழும்பித் தன் அறைக்குப் போனாள்.

மோட்டர் செத்துவிட்டது. பெயரிங் புதிதாக வேண்டும். நிலத்தில் சப்பாணி கட்டி இருந்து ஒவ்வோர் ஆணியாகக் கழற்றித் துரு சுரண்டத் தொடங்கினாள். ஜிப்ரி வட்டிலப்பத் தட்டோடு வாசலில் வந்து நின்றான். பல்லைக் காட்டிச் சிரித்தான்.

"எல்லாம் நல்லபடி முடிஞ்சிதே. அறையும் கிடைச்சிது, சக்கரமும் உள்ளுக்கு வந்திட்டு. இனி அந்தக் கோவத்தையும் விட்டிரு நஸ்ஹா."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கையெல்லாம் துரு.

"ஊட்டை எழுதித் தந்திட்டன் காக்கா. கோவத்தை எழுதித் தரமாட்டன். அது என்ட பேர்லயே இரிக்கட்டும்."

எழும்பி வந்து, வட்டிலப்பத் தட்டை வாங்கி வைத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள்.